காணாத மூலையும் கேட்ட சொல்லும்

இரட்டை உடல் கொண்ட பாய்மரக் கேட்டமரான் 12 மீட்டர் நீளமிருந்தால், அகலம் ஏறத்தாழ 7 மீட்டர் வரும். பல படகுகளில் சுக்கான் சக்கரம் ஒரு பக்கமாக அமைந்திருப்பதால், மறுபக்கத்துப் பின்மூலையை அறைக்கூரை மறைத்துவிடும். துறையில் அணையும்போது அந்த மூலையில் ஒருவர் நின்று, ‘இரண்டு மீட்டர், ஒன்று, அரை’ என்று குரல் கொடுப்பார். சுக்கான் பிடிப்பவர் அதைக் கேட்டு, ஓர் எஞ்சினை முன்னும் மற்றதைப் பின்னும் இயக்கிப் படகைத் திருப்புவார். காணாத அந்த இடைவெளியை அவர் அறிகிறாரா, வெறுமனே நம்புகிறாரா?

இந்தியத் தருக்க மரபான நியாயம் இதை அறிவு என்றே கொள்ளும். நம்பத்தக்கவர் சொல் அதற்குத் தனிப் பிரமாணம், அதாவது அறிவு தரும் அளவை. அப்படிப்பட்டவர் முனிவராக இருக்க வேண்டும் என்பதில்லை, மிலேச்சராகவும் (அயலாராகவும்) இருக்கலாம் என்கிறார் நியாய சூத்திர உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் காண்டல், கருதல் (அனுமானம்), உரை (சொல்) என மூன்று அளவைகளை ஏற்கிறது. பௌத்தரான திக்நாகரோ சொல்லை அனுமானத்துக்குள் அடக்கினார். மேற்கில் டேவிட் ஹியூம் 1748இல், சாட்சியத்தின் மதிப்பு அனுபவத்திலிருந்து வருவதென்றார். பிறர் சொல்லை நம்புவது மனித இயல்பு என்று 1764இல் தாமஸ் ரீட் எழுதினார்.

படகில், மூலையில் நிற்கும் புதிய துணையாளரின் குரலை எடைபோடும்போது நிகழ்வது அனுமானம்தான். ஆயினும் அனுமானத்துக்கும் சொல்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு: அனுமானம் பிழைத்தால் பிழை அனுமானித்தவருடையது, சொல் பிழைத்தால் சொன்னவரும் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பே சொல்லைத் தனி அளவையாக்குகிறது.