காதில் இரைச்சல்

திடீரென ஒரு காது அடைத்து, உள்ளே 'கொய்ங்' என்று இரைகிறது. சில நொடிகளில் விட்டுவிடுகிறது. "யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள்" என்கிறோம். யாரென்று மனம் தேட, மதினியோ பக்கத்து வீட்டாரோ அகப்படுகிறார். பாவம், அவர் உறங்கிக்கொண்டிருப்பார்!

காது இரைந்தால் ஸலவாத் ஓதச் சொல்லும் ஒரு ரிவாயத்தை இமாம் இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்துள்ளார்கள். ஸலவாத் எந்நேரமும் நன்மையே. உறுதியில்லாததை நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகச் சொல்வதுதான் ஆபத்து.

அறியாததைப் பின்தொடராதே, செவியும் விசாரிக்கப்படும் என்பது பனீ இஸ்ராயீல் அத்தியாயம் 36-ஆம் வசனத்தின் கருத்து. ஆக, செவி அமானிதம். நொடிநேர இரைச்சல் பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் ஒரு காது திடீரென மந்தமாகி, திரும்பாமலே இருந்தால் அன்றே காது மருத்துவரைப் பார்க்கவேண்டும். முதல் 2 வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன் அதிகம். ஓதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்போர், போகும் வழியிலேயே ஓதிக்கொள்ளலாம்.