பிழைக்கு அஞ்சும் வீடு



பிழை விடாத மனிதன் இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ஆயினும் பிழை நம்முடையதாயின் நூறு சமாதானம் சொல்கிறோம். அயலவனுடையதாயின் அவன் ஆளே பிழை என்று தீர்ப்பிட்டு விடுகிறோம். முன்னதில் நம்மைத் திருத்த மறுக்கிறோம். பின்னதில் அவன் திருந்த இடங்கொடுக்க மறுக்கிறோம்.

புனித அகுஸ்தீனார் வேறொரு வழியைக் காட்டினார். ஹிப்போ நகரின் ஆயராய், திருச்சபையெங்கும் மதிக்கப்பட்ட அறிஞராய் விளங்கிய அவர், 72 வயதளவில் தாம் எழுதிய நூல்களை எழுதிய வரிசையிலேயே எடுத்து மீண்டும் வாசிக்கலானார். 93 நூல்களை ஆராய்ந்து, பிழையெனக் கண்டவற்றைக் குறித்து, கி. பி. 427ஆம் ஆண்டளவில் அதனை ஒரு நூலாகவே வெளியிட்டார். விசுவாசத்தின் தொடக்கம் மனிதனிடமிருந்தே வருகிறது என்று தாம் குருவாயிருந்த காலத்தில் எண்ணியது பிழை. அதுவும் இறைவனின் கொடையே என்று அதில் அறிக்கையிட்டார்.

தம்மைப் பிடிக்காதவர்கள் இதை எடுத்து ஏளனம் செய்வார்களே என்று அவர் தயங்கவில்லை. சரியெனக் கண்டதை விட்டுக்கொடுக்கவுமில்லை. வரிசையாக வாசிப்பவர், எழுத எழுதத் தாம் எவ்வாறு முன்னேறினார் என்பதைக் காணட்டும் என்றே விரும்பினார். இறைவனின் தீர்ப்புக்கு முன்னே தம்மைத் தாமே தீர்ப்பிடுவது நன்று என்பது அவர் எண்ணம்.

நம் வீடுகளுக்கு வருவோம். கணக்குப் பிழைத்த கொப்பியைப் பிள்ளை கொண்டுவருகிறது. எடுத்த எடுப்பில் அடியும் ஏச்சும் விழுந்தால் அது என்ன கற்கும்? கணக்கையல்ல, கொப்பியை ஒளிக்கவே கற்கும். இன்று கொப்பியை ஒளித்த பிள்ளை, நாளை கடனை ஒளிக்கும், கூடாத சிநேகத்தை ஒளிக்கும். ஆபத்து வரும் வேளையில் தாயிடமும் தகப்பனிடமும் வாய் திறவாது. நாம் அறியும்போது காலம் கடந்திருக்கும்.

பிழையைக் கண்டும் காணாமல் விடுங்கள் என்று சொல்லவில்லை. அதுவும் அன்பாகாது. பிழையைப் பிழையென்றே சொல்லுங்கள். பிள்ளையைப் பிழையென்று சொல்லாதீர்கள். "எந்த இடத்தில் பிழைத்தது, பார்ப்போம்" என்று பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். உங்கள் பிழையையும் ஒருநாள் அதன் முன் ஒப்புக்கொள்ளுங்கள். மரியாதை குறையாது. ஓர் ஆயருக்கே குறையவில்லையே!