ரத்தத்தில் என்ன எழுதியிருந்தது?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நானும் ஒவ்வொரு தடவை போகும்போதும் எண்ண ஆரம்பிப்பேன். பாதியில் ஒரு குரங்கோ, கீழே தெரிகிற சேலமோ கண்ணில் பட்டு எண்ணிக்கை விட்டுப்போகும். ஒரு பாட்டியை அங்கே சந்தித்தேன். அவர் 20 வளைவையும் ஒன்று விடாமல் எண்ணியவர். ராத்திரி நேரம், 108 ஆம்புலன்ஸ், மடியில் பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பேரன்.

நாகலூர் போகிற வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்ன கதை இது. மகளுக்கு வலி எடுத்தது நடு இரவில். ஜீப் கிடைப்பதற்குள் குடிசையிலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை அழவில்லை. நீலமாக இருந்தது. "எட்டாவது வளைவுல ஒரு தடவை முனகிச்சு சார். அப்புறம் பதினஞ்சு வரைக்கும் ஒண்ணுமே இல்ல. நான் வளைவைத்தான் எண்ணிக்கிட்டு வந்தேன். வேற என்ன செய்ய?"

கீழே ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காப்பாற்றினார்கள். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. ரிசல்ட் என்ன என்று யாரும் இவர்களிடம் சொல்லவில்லை. இப்போது பையனுக்கு 10 வயது. தானாக உட்கார முடியாது, பேச்சு வராது, சிரிப்பு மட்டும் தாராளமாக வரும். பாட்டி என்னிடம் கேட்டார்: "படிச்சவரா தெரியுறீங்க. அந்த ரத்தத்துல என்ன சார் எழுதியிருந்துச்சு?"

உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆக்சிஜன் கிடைக்காதபோது உடம்பு சும்மா இருந்துவிடாது. ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரித்துச் சமாளிக்கப் பார்க்கும். அதில் லாக்டேட் சேரும், ரத்தம் புளித்து அமிலமாகும். தொப்புள்கொடி ரத்தத்தின் பி.ஹெச். அளவு 7-க்குக் கீழே போனால் டாக்டர் முகம் மாறிவிடும். இன்னொன்றும் நடக்கும். வீட்டில் அரிசி குறைந்தால் அம்மா முதலில் தன் தட்டைத்தானே குறைத்துக்கொள்வாள்? அதுபோல உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை அனுப்பிவிட்டு, சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் குறைத்துவிடும். அந்த உறுப்புகள் பட்ட கஷ்டமும் அடுத்த சில நாட்களில் ரத்தத்தில் தெரியும். அதற்குத்தான் திரும்பத் திரும்பக் குத்துகிறார்கள்.

ஆனால் இதெல்லாம் நடந்து முடிந்ததன் கணக்கு. பாட்டி கேட்டது வேறு. 'இவன் இப்படித்தான் ஆவான் என்று அன்றைக்கே அதில் எழுதியிருந்ததா?' என்பதுதான் அவர் கேள்வி. நாம் ஜாதகத்திடம் கேட்கிற கேள்வி. யோசித்துப் பாருங்கள், ஜாதகம் கணிப்பவரும் பிறந்த நிமிஷத்தைக் கேட்கிறார், பிரசவ அறை நர்ஸும் அதே நிமிஷத்தைக் குறிக்கிறார். பிறந்த முதல் நிமிஷத்தில் குழந்தைக்கு மார்க் போடும் முறையை, அமெரிக்க மயக்க மருந்து டாக்டர் வர்ஜீனியா அப்கார் 1953-ல் வெளியிட்டார். நிறம், நாடி, மூச்சு, அசைவு, சீண்டினால் முகம் சுளிக்கிறதா... மொத்தம் 10 மார்க்.

சரி, ரத்தத்தைப் பார்த்து எதிர்காலம் சொல்ல முடியுமா? அதற்கும் முயற்சி நடக்கிறது, நம் நாட்டுக் குழந்தைகளை வைத்தே. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாக்டர் சுதின் தய்யில் குழுவினர், இந்திய ஆஸ்பத்திரிகளில் மூச்சுத் திணறிப் பிறந்த 45 குழந்தைகளின் ரத்தத்தைப் பிறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தார்கள். ஒன்றரை வயதில் அந்தக் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பாதிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் ரத்தத்தில் 800-க்கு மேற்பட்ட மரபணுக்கள் வேறு மாதிரி வேலை செய்திருந்தன. 2020-ல் வெளிவந்தது. 45 பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் முதல் நாள் ரத்தத்தில் ஏதோ எழுதியிருக்கிறது.

எழுதியிருப்பது தெரிந்தால் மாற்ற முடியுமா? அதே குழு நடத்திய இன்னொரு ஆய்வைச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. மேல்நாடுகளில் இப்படிப் பிறக்கும் குழந்தைகளை 6 மணி நேரத்துக்குள் குளிரூட்டத் தொடங்குகிறார்கள். 33, 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம். மூளை பிழைக்கிறது, உயிரும் பிழைக்கிறது. நம் ஊரிலும் சில ஆஸ்பத்திரிகள் ஐஸ் பை வைத்தாவது செய்தன, நல்ல மனசோடுதான். 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேச ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். சென்னையும் அதில் உண்டு. பெற்றோரின் சம்மதம் வாங்கி, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பாதிக் குழந்தைகளுக்குக் குளிரூட்டல், மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. 2021-ல் முடிவு வந்தது. குளிரூட்டிய குழந்தைகளில் 100-க்கு 42 பேர் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் 31.

படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நம் குழந்தைகளை வைத்தா விளையாட்டு என்று. அப்புறம் உறைத்தது. சோதித்துப் பார்க்காமல் விட்டிருந்தால், அன்போடு ஐஸ் வைத்துக்கொண்டே இருந்திருப்போம்.

ஏன் இங்கே மட்டும் பலிக்கவில்லை? இத்தாலியக் குழந்தைகளின் ரத்தத்தையும் இந்தியக் குழந்தைகளின் ரத்தத்தையும் ஒப்பிட்டு 2024-ல் ஒரு கட்டுரை வந்தது. அங்கே பெரும்பாலும் பிரசவ நேரத்தில் ஒரே ஒரு பெரிய அடி. இங்கே கர்ப்பத்திலும் பிரசவத்திலும் விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப ஆக்சிஜன் குறைந்திருக்கும் போலிருக்கிறது. தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருமே, அந்த நோயாளிகளின் ரத்தத்தில் காண்கிற சாயல் இந்தக் குழந்தைகளின் ரத்தத்திலும் இருந்ததாம். அடி முன்பே விழத் தொடங்கியிருந்தால், 6 மணி நேரக் கெடு என்பதே காலம் கடந்த கணக்கு.

இதில் எனக்கு ஒரு ஆறுதல் தெரிந்தது. பாட்டிக்கு உடனே சொன்னேன், கெட்டிக்காரத்தனமாக. "பாட்டி, அந்த 20 வளைவு மட்டும் காரணமா இருக்காது. வயித்துக்குள்ள இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சிருக்கலாம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான்தான். ஒன்பதாம் மாசம் வரைக்கும் காபிப் பழம் பறிக்க அனுப்பினேன்ல."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனாலதான்னு இல்ல, தாய்க்கு ரத்தம் கம்மியா இருக்கலாம், எத்தனையோ காரணம் இருக்கலாம் என்று என்னென்னவோ உளறினேன். பத்து வருஷமாக ரோட்டைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு மனுஷியை, ஒரே வாக்கியத்தில் தன்னைத் திட்டிக்கொள்ள வைத்துவிட்டேன். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போகப்போகிறவன் நான்.

அதற்குள் மகள் வந்துவிட்டார், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு. 10 வயதுப் பையன், கால் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. விஷயத்தைக் கேட்டவுடன் சட்டென்று சொன்னார்: "எனக்குச் சொல்லியிருக்கணும் சார். தலை நிக்கலைன்னு ஆறாம் மாசந்தான் சந்தேகமே வந்துச்சு. அப்புறம் ஒரு வருஷம் கோயில் கோயிலா அலைஞ்சேன். அன்னைக்கே சொல்லியிருந்தா கை கால நீவி, உட்காரப் பழக்கியிருப்பேன்ல?"

பாட்டி விடவில்லை. "சொல்லியிருந்தா உன் வீட்டுக்காரன் அன்னைக்கே போயிருப்பான். மூணு வருஷம் கழிச்சுத்தானே போனான்? அந்த மூணு வருஷக் கூலியிலதான்டி கூரை போட்டோம்."

இரண்டு பேரில் யார் சொல்வது சரி? உண்மை நல்லதா என்று தத்துவம் பேசுகிற நாம், அதில் ஒரு வீட்டுக் கூரையின் கணக்கும் இருக்கிறது என்று யோசிப்பதில்லை.

நான் மகள் பக்கம். தெரிந்துகொள்ளும் உரிமை அவளுடையது. அவள் உடம்பிலிருந்து வந்த ரத்தம் அது. சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் பயிற்சி தொடங்கலாம், கழுத்தும் கையும் இறுகிப்போவதைக் கொஞ்சமாவது தடுக்கலாம். ஆனால் பாட்டியின் கணக்கையும் என்னால் தள்ள முடியவில்லை. 'உங்க குழந்தைக்கு மூளை பாதிப்பு' என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து மலைக்கு அனுப்பினால், அதற்கும் ஜாதகக் கட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? ஜோசியராவது ஒரு பரிகாரம் சொல்லி அனுப்புவார். சொல்கிறவர், அடுத்த மாசம் எந்தக் கிழமை, எந்த ரூமுக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ரூமில் ஆள் இருக்கவும் வேண்டும்.

சேலம் பஸ் வந்தது. மூவரும் என்னோடு ஏறினார்கள். வாரம் ஒரு நாள் கீழே பிசியோதெரபிக்குப் போகிறார்களாம். பையனை ஜன்னலோரம் மடியில் உட்காரவைத்து, கழுத்துக்குப் பின்னால் கையை அண்டக் கொடுத்துக்கொண்டார் மகள். முதல் வளைவில் பஸ் சாய்ந்தபோது பையன் கலகலவென்று சிரித்தான்.

"ஒவ்வொரு வளைவுக்கும் சிரிப்பான் சார்" என்றார் பாட்டி. "எண்ணிக்கிட்டே வாங்க."