பால், நெய், தேன் இல்லாமல் ஒரு விசாகப் படையல்

முருகா சரணம்!

வைகாசி விசாகம் நெருங்குது. போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, நான் வீகன். பால், நெய், தேன் எதுவும் தொடுறதில்லை. நான் படைச்சா முருகன் ஏத்துப்பாரா? 'நெய் இல்லாம என்னடா நைவேத்தியம்'னு அம்மா தினமும் சண்டை."

தம்பி, படையல் காலத்துக்குக் காலம் மாறித்தான் வந்திருக்கு. நக்கீரரின் திருமுருகாற்றுப்படையில், பழமுதிர்சோலைப் பகுதியைப் பாருங்க. ஊர்தோறும் நடந்த முருகன் விழாவில் தினையைப் பூவோடு கலந்து, ஆட்டுக்கிடா அறுத்து வழிபட்ட செய்தி வருது. இன்னிக்கு நம்ம வீட்டுப் பூஜையறையில் ஆடு இல்லை. தினை இருக்கு. அதையும் அவன் ஏத்துக்கிட்டான், இதையும் ஏத்துக்கிறான்.

அதுக்காக நாம கதையை வளைக்கக் கூடாது. கிழவனா வந்து பசிக்குதுன்னு நின்ன வேலனுக்கு வள்ளியம்மை கொடுத்தது தேனும் தினைமாவும்தான். பழனி பஞ்சாமிர்தத்திலும் தேன், நெய் ரெண்டும் உண்டு. 'உண்மையான முருக பக்தன் வீகனாத்தான் இருப்பான்'னு சிலர் போடுற ஸ்டேட்டஸ் எனக்குப் பிடிக்கிறதே இல்லை. பால்குடம் தூக்கி வெறுங்காலோட வெயில்ல நடக்கிற அக்காவை நிறுத்தி, மாட்டுப் பண்ணையைப் பத்திப் பாடம் எடுக்காதீங்க. விரதம் நீங்க எடுத்தது, அவங்க எடுத்தது வேற.

சரி, என்ன படைக்கலாம்? கோடையே கொட்டிக் கொடுக்குது. நம்ம அப்பன் கதையில் வர்ற பழங்களைப் பாருங்க. கோபிச்சுக்கிட்டு பழனிமலை ஏற வச்ச ஞானப்பழத்தை மாம்பழம்னு சொல்வாங்க. ஔவைப்பாட்டிக்கு 'சுட்ட பழமா, சுடாத பழமா'ன்னு உலுக்கிப் போட்டது நாவல். மாம்பழம் சித்திரை வைகாசியில், நாவல் ஆனி ஆடியில். விசாகத்துக்கு நல்ல மாம்பழம் ரெண்டு வாங்கி வச்சாலே பாதிப் படையல் முடிஞ்சது.

மீதிப் பாதிக்குத் தினை மாவிளக்கு. ஒரு டம்ளர் தினையைக் கழுவி நிழல்ல உலர்த்துங்க. வெறும் வாணலியில் சின்னத் தீயில் வாசம் வர்ற வரை வறுத்து, ஆறினதும் அரைச்சு சலிச்சுக்கோங்க. முக்கால் டம்ளர் பனைவெல்லத்தைக் கொஞ்சமே தண்ணி விட்டுக் கரைச்சு, வடிகட்டி (பனைவெல்லத்தில் மண் இருக்கும், இதை விட்டுடாதீங்க), ஒரு கொதி வந்ததும் இறக்குங்க. மாவுல ஏலக்காய்த்தூள், தேங்காய்த்துருவல் போட்டு, பாகைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிசைங்க. மொத்தமா ஊத்தினா களியாயிடும். உருண்டை பிடிச்சு நடுவுல குழி பண்ணி, நல்லெண்ணெய் விட்டு திரி ஏத்துங்க. நெய் விளக்குக்குக் கொஞ்சமும் குறையாம எரியும். மலையேறினதும் அந்த மாவே பிரசாதம்.

கூடவே கோசுமல்லி. ஊறின பாசிப்பருப்பு, பொடியா நறுக்கின பிஞ்சு வெள்ளரிக்காய், கொஞ்சம் மாங்காய், தேங்காய், மேலே நல்லெண்ணெயில் கடுகு தாளிச்சுக் கொட்டினா போதும். உப்பைக் கடைசியில் போடுங்க, இல்லேன்னா வெள்ளரி தண்ணி விட்டுடும். குடிக்கப் பானகம்: வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. இது ரெண்டுலயும் பாலோ நெய்யோ சேர்ந்ததே இல்லை. பாட்டிங்க வீகன்ங்கிற பேரையே கேட்காம செஞ்சதுதான்.

இப்போ அம்மா விஷயம். அவங்க நெய்ப்பொங்கலை நிறுத்தச் சொல்லாதீங்க. எத்தனையோ விசாகம் உங்க பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டு வச்ச பொங்கல் அது. அவங்க பொங்கலும் உங்க மாவிளக்கும் ஒரே இலையில் இருக்கட்டும். மாவைச் சலிக்க மட்டும் அவங்களைக் கூப்பிடுங்க, பதம் உங்களைவிட அவங்களுக்குத் தெரியும். தீபாராதனை முடிஞ்சதும் இலையிலிருந்து உங்களுக்கு ஆனதை எடுத்துக்கோங்க. மீதிப் பானகத்தை ஒரு குடத்துல ஊத்தி வாசல்ல வைங்க. உச்சி வெயில்ல டெலிவரிக்கு வர்ற தம்பிக்கு முதல் டம்ளர்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!