தற்புகழ் வீரனும் நமது சிரிப்பும்

நாடக மேடையிலே நீண்ட ஆயுள் படைத்த பாத்திரங்களுள் தற்புகழ் பேசும் போர்வீரனும் ஒருவன். நீண்ட வாள், அதனினும் நீண்ட நாக்கு, ஆபத்து வந்ததும் முந்திக்கொள்ளும் கால்கள் ஆகியன அவனுடைய இலட்சணங்கள். கிரேக்க நாடகத்திலே வளர்ந்து, உரோமாபுரிக்கும் இத்தாலியச் சதுக்கங்களுக்கும் இலண்டன் அரங்குகளுக்கும் சென்ற அவனைக் கண்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் சிரித்து வந்துள்ளனர். பொய் வீரத்தை மக்கள் எள்ளி நகையாடுவது நல்லதுதானே என்பர் நம் நண்பர்கள். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

பிளாட்டஸ் என்னும் உரோம நாடகாசிரியன் ஒரு கிரேக்க நாடகத்தைத் தழுவி, கி. மு. 205 ஆம் ஆண்டளவிலே 'மீலெஸ் குளோரியோசுஸ்' என்ற இன்பியல் நாடகத்தை எழுதினான். 'பெருமையடிக்கும் சிப்பாய்' என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். கதாநாயகனின் பெயர் பிர்கோபொலினைசீஸ். கோட்டைகளையும் நகரங்களையும் வெல்பவன் என்பது அதன் தொனி. அவனை அண்டிப் பிழைப்பவனின் பெயர் ஆர்டொட்ரோகஸ். நம்மூர்ப் பேச்சிற் கூறுவதாயின் 'பாண் தின்னி'. இந்தியாவிலே எசமான் ஒரு யானையின் முன்னங்காலை முட்டியாற் குத்தி முறித்த கதையை இவனே எடுத்துக்கொடுக்கிறான். பின்னர் ஒரே நாளில் எசமானிடம் மாண்டோரின் கணக்கை ஒப்புவிக்கிறான்: ஓரிடத்தில் 150 பேர், இன்னோரிடத்தில் 100 பேர், வேறோர் இனத்தவர் 30 பேர், மசிடோனியர் 60 பேர். மொத்தம் 7000. எசமான் மகிழ்ந்து, கணக்குச் சரி என்கிறான். கூட்டிப் பார்த்தால் 340 தான் வரும்.

உயர்தர வகுப்பிலே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைக் கற்பித்தபோது, நகையின் நிலைக்களனாகிய எள்ளலுக்கு உதாரணமாக இக்காட்சியைக் கூறினோம். வகுப்பே சிரித்தது. பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, "சேர், அவன் உண்மையாகவே 7000 பேரைக் கொன்றிருந்தாற் சிரிக்க மாட்டார்களோ?" என்று கேட்டான். ஏதோ சொல்லிச் சமாளித்தோம். மணியும் அடித்தது. ஆனால் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

சிரித்திருக்க மாட்டார்கள் என்பதே உண்மையான விடை. விழா எடுத்திருப்பார்கள். ஒரே போரில் எதிரிகள் 5000 பேரையாவது கொன்ற தளபதிக்கே வெற்றி ஊர்வல உரிமை உண்டு என்ற சட்டம் உரோமிலே இருந்ததாக வலேரியஸ் மாக்ஸிமஸ் எழுதியுள்ளார். அந்த ஊர்வல உரிமைக்கு நமது சிப்பாயின் 7000 தாராளமாகப் போதும். குறை, அவன் அவர்களைக் கொல்லாதது ஒன்றே. அதே ஆசிரியர் கூறும் இன்னொரு செய்தி நகைப்புக்குரியது. கொன்ற தொகையையும் இழந்த தொகையையும் பொய்யாக அறிவிக்கும் தளபதிகளைத் தண்டிக்க, கேற்றோ முதலியோர் கி. மு. 62 இல் வேறொரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது! ஆர்டொட்ரோகஸின் கணக்குப்பலகை மேடையிலே மட்டும் இருந்ததன்று. 2009 இல் முடிந்த போரிலே மாண்டோரின் தொகை பற்றி இன்னும் ஒருமுடிவு காணாத நாட்டில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தமிழ்ப் புலவர்களும் இவ்விடயத்திற் குற்றமற்றவர் அல்லர். போரிலே 1000 யானைகளை வென்றவனே பரணிக்குரியவன் என்று பாட்டியல் இலக்கணம் வரையறுத்து வைத்திருக்கிறது. ஒரு யானையின் காலை முறித்ததாகச் சொன்னவன் கோமாளி. ஆயிரத்தை வீழ்த்தியவன் பாட்டுடைத் தலைவன்.

ஆகவே, இந்நகைச்சுவை கண்டிப்பது பொய்யையே, கொலையை அன்று. மெய்யான கொலைக்கு மெய்யான மதிப்பு உண்டு என்ற நம்பிக்கை பார்வையாளரிடம் இருந்தாலன்றி இச்சிரிப்பு எழவே முடியாது.

ஆனால் பிளாட்டஸின் சிப்பாயை வீழ்த்துபவன் ஓர் அடிமையல்லவா, இது மேலோரை எதிர்த்த மக்கட் சிரிப்பல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். சிப்பாய் கவர்ந்துவந்த பெண்ணையும் தன்னையும் விடுவித்துக்கொள்ளும் பலேஸ்ட்ரியோ என்ற அடிமையின் கூர்மதியை நாமும் விரும்புகிறோம். ஆனால் அச்சிப்பாய் யார்? செலூக்கஸ் மன்னனுக்கு ஆள் சேர்க்கும் கிரேக்கக் கூலிப்படையாள். கன்னே என்னுமிடத்தில் கி. மு. 216 இல் உரோமர் பல்லாயிரக்கணக்கில் மாண்டிருந்தனர். நாடகம் நடந்த காலத்திலே ஹனிபலின் படை இத்தாலிய மண்ணைவிட்டு இன்னும் நீங்கவில்லை. பார்த்தோருள் மகனை இழந்த தாய்மார் எத்தனை பேரோ! அவர்களுடைய பிள்ளைகளை அனுப்பியவர்களைப் பற்றி மேடையில் ஒரு சொல்லும் இல்லை. பிற்கால இத்தாலிய மேடையின் 'கப்பித்தானோ'வும் பெரும்பாலும் அயலானாகிய ஸ்பானியனே. அவ்வேடத்திற் புகழ்பெற்ற பிரான்செஸ்கோ அந்திரெயினி (1548-1624) முன்னர் சிப்பாயாக இருந்து, துருக்கியரிடம் பிடிபட்டு ஆண்டுக்கணக்காகச் சிறைப்பட்டவர். உண்மையைக் கண்டவர் பொய்யை நடித்தார்.

ஷேக்ஸ்பியரின் போல்ஸ்டாவ் முழுக்க இந்த இனத்தவன் அல்லன்; தன் பொய்யைத் தானே இரசிப்பவன். மானம் என்பது இறந்தவனுக்கு உதவாத வெறும் காற்று என்று அவன் வாதிடும்போது, பொய் வீரத்தோடு மெய் வீரமும் முதன்முறையாகக் கூண்டில் ஏறுகிறது. ஆயின் அவ்வாதத்திலே மயங்கிய விமரிசகர் பலர் அவனுடைய கணக்குப் புத்தகத்தைப் பார்க்க மறந்துவிடுகின்றனர். 'நான்காம் ஹென்றி'யின் முதற் பாகத்தில், வசதியுள்ளோரிடம் முந்நூறு பவுணுக்கு மேல் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டு, கந்தலுடுத்த ஏழைகள் 150 பேரைப் படையிற் சேர்க்கிறான். ஷ்ரூஸ்பரிக் களத்திலே அவர்களுள் மூவர்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியோருக்கும் இனிப் பிச்சைதான் தொழில் என்று அவனே போகிற போக்கிற் சொல்கிறான். 1403 இல் நடந்த அப்போரிலே யாரோ வீழ்த்திய ஹொட்ஸ்பரின் பிணத்தைக் குத்தி, 'நானே கொன்றேன்' என்று அவன் தூக்கி வருவதைப் பார்த்து அரங்கம் அதிர்கிறது. அந்த 150 பேருக்காக யாரும் ஒரு கணம் மௌனமாவதில்லை.

இரண்டாம் பாகத்தில் ஆள்பிடி மறுபடி நடக்கிறது. இருவர் ஆளுக்கு இரண்டு பவுண் கொடுத்து விடுதலை பெறுகின்றனர். இடையில் நின்ற பார்டோல்ப் ஒரு பவுணைத் தன் பையிலே போட்டுக்கொண்டு மூன்றைக் கணக்குக் காட்டுகிறான். பீபிள் என்ற தையற்காரன் மாத்திரம் பணமும் கொடுக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. பெண்களின் ஆடை தைப்பவன் என்பதால் எல்லாரும் அவனைக் கேலி செய்கின்றனர். ஒருநாள் சாகவேண்டியவன்தானே மனிதன் என்று கூறிவிட்டு அவன் படையிற் சேர்கிறான். அந்தக் காட்சியில் பெருமை பேசாதவன் அவன் ஒருவனே. அதன் பின்னர் அவன் மேடைக்கு வருவதில்லை. அவனுக்கு என்ன நேர்ந்தது என்று எவரும் விசாரிப்பதுமில்லை.