குழந்தைக்காக முடிவெடுத்தல்: ஒரு பயிற்சிக்கூட மாற்றம் எழுப்பும் ஒழுக்கவியல் வினா

ஒழுக்கவியல் என்றவுடன் போர், மரணதண்டனை, கருணைக்கொலை போன்ற பெரும் பிரச்சினைகளே எமது நினைவுக்கு வருகின்றன. விரிவுரை மண்டபங்களில் நாம் விவாதிப்பவையும் பெரும்பாலும் அவையே. ஆயினும் சாதாரண மனிதன் ஒருவன் தன் வாழ்நாளில் அவற்றைப் பற்றி முடிவெடுக்க நேர்வது அரிது. அவனது ஒழுக்கம் சோதனைக்குள்ளாவது சின்னஞ்சிறு முடிவுகளிலேயாகும். தன் குழந்தையை எந்த ஆசிரியரிடம் ஒப்படைப்பது, ஒப்படைத்த பின் எப்போது திரும்ப அழைத்துக்கொள்வது என்பன அத்தகைய முடிவுகள். அவற்றுள் ஒன்றை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை வகுத்துக்கொள்வோம். அமெரிக்க நகரொன்றில் வாழும் ஏழு வயதுச் சிறுமி, வீட்டுக்கு அண்மையிலுள்ள கூடமொன்றில் வாரத்தில் இரண்டு மணிநேரம் சீருடற்பயிற்சி பெறுகிறாள். பயிற்றுநர் அன்பானவர்; அங்கே அவளுக்குத் தோழியரும் உண்டு. ஆனால் பிள்ளைகளின் தொகை அதிகம். உடல் போதிய வலுப்பெறு முன்னரே பின்புறக் கரணம் போன்ற கடினமான அசைவுகளை அங்கே கற்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முக்கால் மணிநேரப் பயணத் தொலைவில் வேறொரு கூடம் உள்ளது. கருவிகள் சிறந்தவை, பயிற்சி வாரத்தில் ஒன்பது மணிநேரம், அங்கு பயின்றோர் போட்டிகளில் வென்றிருக்கிறார்கள். எனினும் பயிற்சி வேளையில் பெற்றோர் உள்ளே வர அங்கு அனுமதி இல்லை. அதன் தலைமைப் பயிற்றுநர் சிறுமியைப் பார்த்துவிட்டு, “இவளிடம் திறமை இருக்கிறது. எட்டு வயதுக்குள் வராவிட்டால் காலம் கடந்துவிடும்” என்கிறார். பெற்றோர் யாது செய்தல் வேண்டும்?

இது கடையை மாற்றுவது போன்றதொரு தெரிவன்று. கடையை மாற்றுபவர் நட்டமடைந்தால் அந்நட்டம் அவரையே சாரும். இங்கோ முடிவெடுப்பவர் ஒருவர். அதன் விளைவைத் தன் உடலில் ஏற்பவர் இன்னொருவர். போட்டிகளில் பெண்கள் ஏறி நின்று சுழலும் சமநிலைச் சட்டத்தின் அகலம் 10 சென்ரிமீற்றர். உயரம் 125 சென்ரிமீற்றர். அதிலிருந்து விழுவது தந்தையோ தாயோ அல்லர். அன்றியும், இவ்விளையாட்டில் காலம் மிக முன்னதாகவே கதவைத் தட்டுகிறது. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக் போட்டியில் றுமேனியாவின் நாடியா கொமனெச்சி முதன்முறையாகப் பத்துக்குப் பத்துப் புள்ளிகள் பெற்றபோது அவருக்கு வயது 14. புள்ளிப் பலகை அந்த எண்ணைக் காட்டுவதற்கு அமைக்கப்பட்டிராமையால் 1.00 என்றே காட்டியது. சிறுமியரைக் காக்கும் பொருட்டு 1997இல் சர்வதேசப் போட்டியின் குறைந்தபட்ச வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் 16 வயதில் அரங்கேற வேண்டுமாயின் ஆறு, ஏழு வயதிலேயே தொடங்க வேண்டும் என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

திறமை எங்கு வளருமோ அங்கு அனுப்புக என்பதே பலரது முதல் விடையாக இருக்கும். இவ்விடை விளைவையே அளவுகோலாகக் கொள்கிறது. விளைவு எவ்வளவு நம்பத்தகாத அளவுகோல் என்பதற்கு இரண்டு வாழ்க்கைகள் சான்றாகும். கேபி டக்ளஸ் 2010இல், 14 வயதில், தாயைப் பிரிந்து வர்ஜீனியாவிலிருந்து அயோவாவுக்குச் சென்று, வேறொரு குடும்பத்துடன் தங்கிப் புதிய பயிற்றுநரிடம் பயின்றார். இந்த மாற்றத்தை வேண்டி நின்றவர் அவரே. 2012 இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் ஒட்டுமொத்தத் தனிநபர் தங்கப்பதக்கம் அவருக்குக் கிடைத்தது. டொமினிக் மொசியானு மூன்று வயதிலேயே பயிற்சியைத் தொடங்கியவர். சிறுவயதில் அவரது குடும்பம் புகழ்பெற்ற கரோலி தம்பதியரின் கூடத்தை நாடி ஹூஸ்டனுக்குப் பெயர்ந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 14 வயதில் அணிக்கான தங்கத்தை வென்றோருள் அவரும் ஒருவர். ஆனால் இரண்டாண்டுகளின் பின், 17 வயதில், பெற்றோரின் பராமரிப்பிலிருந்து சட்டப்படி விடுபடுவதற்கு அவர் நீதிமன்றத்தை நாடினார். பதக்கத்தை மட்டும் நோக்கின் இரண்டு மாற்றங்களும் வெற்றியே. பதக்கம் கூறாத செய்தியொன்று இருக்கிறது என்பதையே இரண்டாவது வாழ்க்கை எமக்கு உணர்த்துகிறது.

இவ்வையம் புதியதன்று. அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலின் எட்டாம் பகுதியில் சிறுவரின் உடற்பயிற்சி பற்றிப் பேசுகிறார். பருவமெய்தும் வரை இலேசான பயிற்சியே தகும். கடும் உணவுக் கட்டுப்பாடும் வலிந்து புகுத்தும் உழைப்பும் வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது அவரது கருத்து. அதற்கு அவர் காட்டும் சான்று சுவையானது. ஒலிம்பிக்கில் சிறுவராகவும் பின்னர் வளர்ந்தவராகவும் வென்றவர்களைத் தேடினால் இரண்டு மூன்று பேரையே காணலாம். ஏனையோரின் வலிமையை இளமைப் பயிற்சியே உறிஞ்சிவிட்டது என்கிறார். வெற்றியைப் பெரிதும் போற்றிய கிரேக்க மண்ணிலேயே, வெற்றிப் பட்டியலைக் கொண்டே வெற்றி வேட்கையை மறுத்துரைத்தவர் அவர்.

எனினும் இதனை மட்டும் கொண்டு, புதிய கூடத்தை நாடற்க என்று தீர்ப்பளிக்க முடியாது. அமெரிக்க மெய்யியலாளர் ஜோயல் பைன்பேர்க் 1980இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ‘திறந்த எதிர்காலத்துக்கான உரிமை’ என்ற கருத்தை முன்வைத்தார். குழந்தை வளர்ந்தபின் பயன்படுத்தவுள்ள உரிமைகள் சில உண்டு. அது வரை அவற்றை அழியாமற் காத்து வைத்தல் பெற்றோர் கடன் என்பதே அதன் சாரம். இக்கருத்து இருபுறமும் வெட்டும் வாள் போன்றது. கடும் பயிற்சிக்கு அனுப்பினால் கல்வி, நட்பு, ஓய்வு, வேறு கலைகள் ஆகிய கதவுகள் ஒடுங்குகின்றன. அனுப்பாது விட்டாலோ, உயர்நிலை வீராங்கனையாகும் கதவு ஒடுங்குகிறது. கதவு எதனையும் மூடாது குழந்தையை வளர்த்தல் எவர்க்கும் இயலாது.

ஆனால் மூடும் கதவுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். பதக்கக் கதவு மூடினால் ஒரு வாய்ப்பு போகிறது. சிறுமி சிறுமியாகவே இருக்கிறாள். வளரும் எலும்பில் நேரும் காயமோ, தன் உடலைத் தானே வெறுக்கும் பழக்கமோ, அச்சத்தை மறைத்துப் புன்னகைக்கும் கலையோ உள்ளே புகுமாயின், அவை பின்வரும் எல்லாக் கதவுகளையும் தொடரும். ஆகவே ‘காலம் கடந்துவிடும்’ என்ற அவசரக் குரலுக்குப் பெற்றோர் கொடுக்கும் நிறை குறைவாகவே இருத்தல் தகும். அவசரப்படுத்துவோர் பெரும்பாலும் எமது ஆராய்ச்சியையே விலக்க முயல்கின்றனர்.

அப்படியாயின் குழந்தையையே கேட்டுவிடலாகாதா? 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயம், தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக் கூறும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. எமது சிறுமி வாழும் அமெரிக்கா 1995இல் இதில் ஒப்பமிட்டும் ஏற்றுறுதி செய்யவில்லை. சட்டம் இல்லாவிடினும் கடமை இல்லாது போகாது. ஆயின் ஏழு வயதுக் குழந்தை, கேட்பவர் விரும்பும் விடையையே பெரும்பாலும் சொல்லும். ‘பெரிய கூடத்துக்குப் போக விருப்பமா’ என்ற வினாவிலேயே தந்தையின் ஆசை ஒளிந்திருப்பதை அது கண்டுகொள்ளும். தன் எதிர்காலத்தைப் பற்றி அது கூறுவது சான்றாகாது. தன் நிகழ்காலத்தைப் பற்றி அது கூறுவதைவிடச் சிறந்த சான்றும் இல்லை. பயிற்சி நாட்காலையில் வரும் வயிற்றுவலி, வாகனத்தில் திரும்பும்போது நிலவும் மௌனம், நோவைச் சொல்லத் தயங்குதல் ஆகியவையும் குழந்தையின் சொற்களே. அவற்றை வாசிக்கத் தெரிதல் பெற்றோர்க்குரிய கல்வியாகும்.

இனி நம்பிக்கை பற்றிய வினாவுக்கு வருவோம். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியபின் அவரை ஐயுறுவதும் தீராத இடரைத் தரும் என்று வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் எச்சரிக்கிறார். முதற்பகுதி எக்காலத்துக்கும் பொருந்தும். இரண்டாம் பகுதியைக் குழந்தை வளர்ப்பில் அப்படியே ஏற்க முடியுமா? அவ்வறிவுரை, தன் பணியை ஒப்படைக்கத் தக்காரைத் தேடும் அரசனுக்குக் கூறப்பட்டது. அங்கு நம்பிக்கை வைப்பவனுக்குத் தன் நம்பிக்கையின் விலையைத் தானே செலுத்தும் ஆற்றல் உண்டு. பெற்றோர் வைக்கும் நம்பிக்கையின் விலையைச் செலுத்துவது குழந்தை. ஆகவே நம்பிய பின்னும் கண்ணை மூடாதிருத்தல் இங்கே குற்றமன்று, கடமையே எனலாம்.

அமெரிக்கத் தேசிய அணியின் மருத்துவராக விளங்கிய லாரி நாசர் பற்றிய உண்மைகள் 2016இல் வெளிவந்தன. 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றமொன்று அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை விதித்தது. 150க்கும் மேற்பட்ட பெண்களின் வாக்குமூலங்கள் அங்கு கேட்கப்பட்டன. பெற்றோர் அதே அறையில் இருந்த வேளைகளிலும் சிகிச்சை என்ற பெயரில் அவர் சிறுமியரைத் துன்புறுத்தியிருந்தார். முன்னரே முறையிட்டோர் இருந்தனர், கேட்பாரில்லை. பிரித்தானியாவில் 2022இல் வெளியான வைற் அறிக்கை, 400க்கும் மேற்பட்ட சமர்ப்பணங்களை ஆராய்ந்து, காயத்துடன் பயிற்சி செய்வித்தல், உணவும் நீரும் மறுத்தல், கழிவறை செல்லத் தடுத்தல் போன்ற செயல்களைப் பதிவு செய்தது. இவை புகழ் குன்றிய மூலைகளில் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. புகழே சிலவேளைகளில் திரையாக அமைந்தது.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோல் பிறக்கிறது. எந்தக் கூடத்தில் குழந்தை மேலும் உயரப் பாயும் என்பது இரண்டாவது வினா. எந்தக் கூடத்தில் அது ‘மாட்டேன்’, ‘நோகிறது’, ‘பயமாயிருக்கிறது’ என்று அச்சமின்றிச் சொல்லலாம், சொன்னால் எவரேனும் செவிகொடுப்பார் என்பதே முதல் வினா. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், சுழலும்போது வானில் தன் உடலின் நிலையை உணர முடியாமற் போனதால் சீமோன் பைல்ஸ் அணிகளுக்கான இறுதிப் போட்டியின் நடுவே விலகினார். உலகின் தலைசிறந்த வீராங்கனைக்கே ‘இன்று முடியாது’ என்ற சொல் அவ்வளவு அரிதாகவும் பெறுமதி மிக்கதாகவும் இருந்ததெனின், ஏழு வயதுச் சிறுமிக்கு அதனைக் கற்பிப்பவர் யார்?

கண்டிப்பை நான் இங்கு மறுக்கவில்லை. கைகால்களைச் சரியாக வைக்கக் கற்பிக்காத அன்பும் காயத்தையே தரும். எமது எடுத்துக்காட்டின் பழைய கூடத்திலுள்ள குறை இதுவே. கண்டிப்பான ஆசிரியர் தவறைத் திருத்துவார். கொடிய ஆசிரியர் தவறிழைத்தவளைச் சிறுமைப்படுத்துவார். இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை வெளியிலிருந்து காண்பது கடினம். ஆகையினாற்றான் மூடிய கதவு ஒரு சிறு நிர்வாக விதியென்று தள்ளத்தக்கதன்று.

மாறிச் செல்வது உறுதியாகுமாயின் பழைய பயிற்றுநருக்கு நாம் பட்ட கடன் என்னாவது? நன்றி என்பது மெய்யான கடனே. ஆனால் அது பெற்றோரின் கடன். குழந்தையின் முதுகில் அதனை ஏற்றித் தீர்க்க முயல்வது அறமாகாது. நேரிற் சென்று, காரணத்தை ஒளிக்காது கூறி, நன்றி சொல்லி விடைபெறுவதே அக்கடனைத் தீர்க்கும் வழி. பொருளியலாளர் ஆல்பேட் ஹேர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், தரங்குன்றும் நிறுவனத்தின்பால் மனிதர் மேற்கொள்ளும் வழிகளாக வெளியேற்றத்தையும் குரலெழுப்பலையும் காட்டி, இவ்விரண்டுக்குமிடையே விசுவாசம் ஆற்றும் பங்கையும் ஆராய்ந்தார். தரத்தில் அக்கறை மிக்கவர்களே முதலில் வெளியேறுவதால், குரலெழுப்பக் கூடியவர்கள் எஞ்சுவதில்லை என்ற அவரது அவதானம் இங்கு மிகப் பொருந்தும். சொல்லாமல் வெளியேறும் பெற்றோர் தம் பிள்ளையைக் காத்துக்கொள்கின்றனர். எஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குரலைக் குறைத்துவிடுகின்றனர். ஆகவே வெளியேறுமுன் பேசுதல் வேண்டும்; கொடுமையைக் கண்டு வெளியேறினால் அதன் பின்னரும் பேசுதல் வேண்டும்.

இனி அந்தச் சிறுமியிடம் திரும்புவோம். என் துணிபு பின்வருமாறு. பழைய கூடத்தின் குறை பேசித் திருத்தத்தக்கது. முதலில் அதனைப் பேசுக. அடிப்படை வலு வரும் வரை கடின அசைவுகளை நிறுத்திவைக்குமாறு கேட்க எந்தத் தாய்க்கும் உரிமை உண்டு. கேட்டும் திருந்தாவிடின் பாதுகாப்பின் பொருட்டு மாறிச் செல்வது தவறன்று. புதிய கூடத்திடமும் கதவைத் திறக்குமாறு கேட்க வேண்டும். திறப்பின், குழந்தை சில நாட்கள் பயின்று பார்க்கலாம். திறக்க மறுப்பின், அங்கு எத்தனை பதக்கங்கள் சுவரிலே தொங்கினும் அது ஏழு வயதுக் குழந்தைக்குரிய இடமன்று, மூன்றாவதொன்றைத் தேடுக. அண்டை அயலில் அப்படியொன்று இல்லையாயின் அவள் வெறுமனே ஓடி விளையாடட்டும். அதனாற் போவது ஒரு வாய்ப்பு மட்டுமே.

இத்தீர்வு ஒரு பதக்கத்தை இழக்கச் செய்யலாம் என்பதை நான் மறைக்கவில்லை. அது உண்மையான இழப்பு. பத்தாண்டுகளின் பின் அம்மகள் “ஏன் என்னை அங்கு அனுப்பவில்லை?” என்று கேட்கவுங்கூடும். அதற்குப் பெற்றோரிடம் ஒரு விடை இருக்கும். அவளது முகத்தை நோக்கி அதனைச் சொல்லவும் முடியும். “நான் நோகிறது என்றபோது நீங்கள் ஏன் கேட்கவில்லை?” என்று அவள் கேட்பாளாயின் அதற்கு விடையில்லை. விடையளிக்கக் கூடிய வினாவைத் தமக்கெனத் தெரிந்துகொள்வதே பெற்றோர்க்கு எட்டக்கூடிய அறம் எனக் கூறி அமைகிறேன்.