நாடாவைச் சுருட்டியவன்

எங்கள் பாடசாலை மைதானத்தில் ஓடுபாதை வருசத்துக்கு ஒருமுறை பிறந்து சாகும். மாரி ஓய்ந்ததும் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு இழுப்பார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து சில கிழமையில் காற்றும் கால்களும் அதைத் தின்றுவிடும். மட்டக்களப்பு வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு அதில் துக்கமில்லை. அடுத்த வருசம் வேறு கோடு.

அப்படி வளர்ந்தவனுக்கு, டோக்கியோவின் தேசிய விளையாட்டரங்கை 2015இல் இடித்த செய்தி ஏன் வலித்தது? நான் கண்ணாலும் காணாத அரங்கு. 1958 ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் எடுத்தது அங்கேதான். அந்த அரங்கே இன்னொன்றை இடித்த இடத்தில் எழுந்தது. 1943 ஒக்டோபர் மழையில், பழைய அரங்கிலிருந்துதான் மாணவர்களைப் போருக்கு வழியனுப்பினார்கள். மைதானம் விளையாட்டுக்கு மட்டுமே என்று நம்ப எங்கள் ஊரிலும் ஆளில்லை.

ஆனால் அந்தத் தங்கத்தைவிட என்னை இழுப்பது அதே அரங்கில் நடந்த 1964 ஒலிம்பிக். 10,000 மீற்றரில் அமெரிக்காவின் பில்லி மில்ஸ் எவரும் எதிர்பாராமல் வென்றார். நம்முடைய ரணதுங்க கருணானந்த, 67ஆம் இலக்கம், எல்லாரும் ஓடி முடித்த பிறகும் தனியே சுற்றிக்கொண்டிருந்தார். கேலியாகப் பார்த்தவர்களும் கடைசியில் கைதட்டினார்கள். யப்பான் பிள்ளைகள் அவரைப் பாடநூலில் படித்தார்கள். நான் படித்த பாடநூல் எதிலும் அவர் இல்லை.

எனக்குப் பதினாறு வயது. எங்கள் பாடசாலை மரதன் ஓட்டத்துக்கு முடிவு நாடா பிடிக்கும் வேலை. மூன்றாவது பொடியன் வந்ததும் நாடாவைச் சுருட்டிவிட்டேன். சான்றிதழ் மூன்று பேருக்குத்தானே. அணிநடை தொடங்கிய பிறகு கடைசிப் பொடியன் வெறுங்காலோடு வந்தான். கச்சான் விற்ற ஆச்சி மட்டும், “ஓடு மனே, ஓடு” என்றா. எங்கே நிற்பது என்று தெரியாமல் அவன் இன்னும் அரைச் சுற்று ஓடி, தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றான்.

டோக்கியோக்காரர் இடிக்க இயந்திரம் கொண்டுவந்தார்கள். எனக்கு இரண்டு கை போதுமாக இருந்தது.

மட்டக்களப்பின் பெரிய மைதானத்துக்கு ஓடி வென்ற எவருடைய பெயரும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைப் பழக்கிய இயேசு சபைத் துறவி வெபரின் பெயர்தான் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே நின்றவரின் பெயர். ஊர் செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்ப்பேன்.

அங்கே மெய்வல்லுநர் போட்டி நடந்தால் போவேன். நீண்ட ஓட்டத்தில் மூன்றாமவர் வந்ததும் சனம் பஸ்ஸைப் பிடிக்க எழும்பும். மகளும் எழும்புவாள்.

“அப்பா, முடிஞ்சுது. வாங்க.”

“இரு மகள். இன்னும் ஒராள் வரக் கிடக்கு.”